கிழக்கு வேலிக்கு அப்பால் ஒரு சேலை

முகில் எப்படி உருவாகிறது, மழையில் எத்தனை வகை என்று வானிலைக் கந்தோரில் புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி உங்கள் பயிற்சிப் பொறுப்பாளர் கேட்டிருந்தார். ஓய்வுபெற்ற மனிதனிடம் ஒரு பக்கம் கேட்பது எவ்வளவு ஆபத்து என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. அவர் கேட்டதை முதலில் கொடுத்துவிடுகிறேன்.

சூடான ஈரக்காற்று மேலே போகிறது. போகப் போகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றுக்குத் தன் ஈரம் முழுவதையும் வைத்திருக்க இயலாது. கடலுப்புத் துணுக்கோ தூசியோ அகப்பட்டால் அதைப் பற்றிக்கொண்டு நீராவி நுண்துளியாகிறது. அப்படி எண்ணிக்கையில்லாத துளிகள் கூடியதுதான் முகில். அவை ஒன்றோடொன்று மோதிப் பெருத்து, இனித் தாங்காது என்று காற்று கைவிடும்போது மழை. புட்டு அவிக்கும் நேரத்தில் கொழும்பு வெள்ளவத்தையின் எந்தக் குசினி யன்னலிலும் இதன் முதற்பாதியைப் பார்க்கலாம். பொறுப்பாளரின் பக்கம் முடிந்தது. இனி நாங்கள் கதைப்போம்.

காற்று மேலே போகிறது என்று எழுதுவது சுலபம். அது எந்தக் குணத்தோடு போகிறது என்பதில்தான் உங்கள் சம்பளம் இருக்கிறது. இதை எனக்குக் கற்றுத் தந்தது கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடிக் கொடி.

போர்க்காலம். ஒரு விடுமுறை நாளில் சிநேகிதன் ஒருவனைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். 'பெரும்பாலும் சீரான வானிலை' என்று முதல்நாள் எழுதிக் கொடுத்தவனே நான்தான். பஸ்ஸில் போகும்போது கொலன்னாவைப் பக்கம், எண்ணெய்த் தாங்கிகளுக்கு அப்பால், ஒரு திரள்முகில் வெள்ளையாகத் தலை தூக்குவதைப் பார்த்தேன். அழகாக இருக்கிறதே என்று ரசித்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. பின்னேரம் அது ஆறுதலாகக் கடற்பக்கம் நகர்ந்து வந்து, நான் நடந்துகொண்டிருந்த தெருவில் தன்னைக் கவிழ்த்துக் கொட்டியது. ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். மேல்மாடியில் ஒரு பெண் கொடியிலிருந்து உடுப்புகளைப் பிடுங்கியபடி வானொலியில் வானிலை சொல்கிறவனைப் பரம்பரையோடு திட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பரம்பரை என்னுடையது என்பதை நான் வெளியே சொல்லவில்லை.

"ஏன் அக்கா, எடுக்க நேரம் கிடைக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டேன்.

"நேரமா? கிளிப்புல கை வைக்கிறதுக்குள்ள கொட்டிருச்சுப்பா! மொத ஒரு துளி விழுந்திச்சு, இவ்ளோ பெருசு. அண்ணாந்து பாக்குறேன், வானமே ஒடைஞ்சு ஊத்துது."

சூடேறிய தரையிலிருந்து செங்குத்தாக எழுந்த திரள்முகில், முன்னறிவிப்பில்லாத தொடக்கம், பருத்த துளி, குறுகிய ஆயுள். பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயம் எடுக்கும் விஷயத்தை அவர் கோபத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் யாரிடமும் 'எவ்வளவு மழை' என்று கேட்டதில்லை. எவ்வளவு என்று கேட்டால், நனைந்தவர் 'பேய் மழை' என்பார். நனையாதவர் 'சும்மா தூறல்' என்பார். கொடியில் கிடந்த உடுப்பை எடுக்க நேரம் இருந்ததா என்று கேட்க வேண்டும். நேரம் இருக்கவில்லையென்றால் திரள்முகில். எடுத்து மடித்து அலுமாரியில் வைக்கவும் நேரம் இருந்தது, பிறகும் மழை விடாமல் அழுதுகொண்டிருந்தது என்றால், காற்று பரந்து மெதுவாக ஏறியிருக்கிறது, அது படைமுகில். எடுப்பதா விடுவதா என்று கணவனும் மனைவியும் வாக்குவாதப்பட்டுக்கொண்டு நின்றார்கள் என்றால் தூறல். எல்லோரும் ஓடிப்போய் அள்ளிய பிறகு ஒன்றும் விழவில்லையென்றால், மழை புறப்பட்டு வரும் வழியிலேயே வறண்ட காற்றில் ஆவியாகிவிட்டது. எங்கள் கந்தோரில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பையன் ஒருவர் வேலை செய்தார். அவரிடம் கேட்டபோது சிரித்தார். "எங்க லயத்துல வெளிய கொடியே கெடையாது சார். அடுப்புக்கு மேலதான் காயப்போடுவோம்" என்றார். காற்று மலையில் முட்டி ஏறி நாள்முழுக்கப் பெய்கிற மழைக்கு அதைவிட விளக்கம் தேவையில்லை.

ஆலங்கட்டி மட்டும் இந்தக் கேள்விக்குள் அடங்காது. ஒருமுறை ஹெந்தளையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, தன் தகரக் கூரைக்கு யாரோ கல்லெறிகிறார்கள், ஆனால் கல் குளிர்கிறது, பொலிசுக்கு அறிவிக்க வேண்டுமா உங்களுக்கு அறிவிக்க வேண்டுமா என்று கேட்டார். மேலெழும் காற்று துளியை உறைகிற உயரத்துக்குத் தூக்கித் தூக்கிப் போட்டுத் திரட்டிய பனிக்கட்டி அது என்று விளக்கினேன். நான் விளக்கி முடிப்பதற்குள் தடயம் கையிலே கரைந்துவிட்டது என்று சொல்லிக் கவலைப்பட்டார்.

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். கல்யாணமாகாத இளைஞன் ஒருவன் காணும் பெண்களிடமெல்லாம் கொடியில் என்ன காய்கிறது என்று விசாரித்தால் எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுவதும், என்ன நினைக்கும்? நினைக்கக்கூடிய எல்லாவற்றையும் நினைத்தது. என்னைக் காப்பாற்றியவர் நான் அறை வாடகைக்கு இருந்த வீட்டு அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் ஒரு கம்பனியில் கணக்காளர், வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாத மனிதர். அந்தச் சத்தக் குறையை அக்கா நிரப்புவார். "அவர் அரசாங்கத்துக்காகத்தான் கேக்கிறார்" என்று ஒழுங்கைக்கு அறிவித்தார். அதன் பிறகு பெண்கள் என்னைத் தப்பாக நினைப்பதை விட்டுவிட்டு, என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் தமிழர் குடியிருந்த ஒழுங்கையில் அரசாங்கத்துக்காகக் கேட்கிறவன் என்றால் அதற்கு ஒரேயொரு பொருள்தான்.

நான் கேட்பதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் வரைபடத்தில் வடக்கு வெறுமையாகக் கிடந்தது. போரினால் அங்கிருந்த அவதானிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாக மௌனமாகிவிட்டன. செய்மதிப் படம் வரும்தான். ஆனால் அது குடையை மேலேயிருந்து பார்ப்பது போன்றது. கீழே நிற்பவர் நனைகிறாரா இல்லையா என்று சொல்லாது. எங்கள் மேலதிகாரி, சிங்களவர், அந்த வெறுமைக்குள் யாராவது அழகுக்காகக் கோடு இழுத்தால் அழிறப்பரைத் தூக்கி முன்னால் வைப்பார். "மல்லி, தெரியாததைத் தெரியாது என்று வரை" என்பார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

தெரியாது என்று வரைய எனக்குப் பொறுக்கவில்லை. ஒழுங்கை வாசலில் ஒரு தொலைபேசிக் கடை இருந்தது. நாங்கள் கொமினிகேசன் என்போம். வடக்கிலிருந்து கப்பலில் வந்திறங்கியவர்கள் தாங்கள் வந்து சேர்ந்த செய்தியைச் சொல்ல அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். நானும் போய் நிற்பேன். ஊரிலிருந்து வெளிக்கிடேக்கை காற்று எந்தப் பக்கத்தால் அடித்தது, மழை இருந்ததோ, உடுப்பு எடுக்க நேரம் இருந்ததோ என்று கேட்பேன். எனக்கு முன்னால் நிற்பவர் மெல்ல இரண்டடி தள்ளி நிற்பார். பின்னால் நிற்பவர் வீட்டுக்கே போய்விடுவார். கடைக்காரர் கொம்பனித்தெருவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம்; நானா என்று கூப்பிடுவோம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க நல்ல மனுசன்தான். ஆனா நீங்க நிண்டா எனக்கு கியூ கொறையுது. மழைய பத்தி கேக்குறதா இருந்தா வெயில்ல நிண்டு கேளுங்க."

அந்தக் கடையில்தான் விஷயம் நடந்தது. காலம் மார்கழி.

அக்கா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. அதற்கு முன் ஒரு பிள்ளை தங்கவில்லை. இந்தமுறை அம்மா பக்கத்தில் இல்லாமல் பெறமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெறுவதும் விடுவதும் தன் கையில் இருப்பது போல அவர் சொல்வதைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். அவருடைய பயம் எங்களுக்கு விளங்காமலில்லை. அம்மா யாழ்ப்பாணத்தில். தரைப்பாதை மூடியிருந்தது. கப்பலில் திருகோணமலைக்கு வந்து அங்கிருந்து கொழும்புக்கு வரவேண்டும். அதற்கு இராணுவத்தின் பாஸ் ஒன்று வேண்டும். அலைந்து திரிந்து அம்மா பாஸ் எடுத்துவிட்டார். அது அந்தக் கிழமையோடு காலாவதியாகும். மறுநாள் ஒரு கப்பல். அதைத் தவறவிட்டால் மறுபடியும் பாஸ், மறுபடியும் அலைச்சல்; அதற்கிடையில் பிள்ளை பிறந்துவிடும்.

எங்கள் கணிப்பின்படி வங்காள விரிகுடாவில், தென்கிழக்கே தூரத்தில், ஒரு தாழமுக்கம் இருந்தது. அது கிழக்குக் கரைக்கு வந்து சோர்ந்துவிடும் என்று நினைத்திருந்தோம். அன்று காலை திருகோணமலை அறிக்கையும் லைன் அறுந்து வந்து சேரவில்லை. செய்மதிப் படத்தில் வடக்கும் கிழக்கும் ஒரே வெள்ளை. கப்பல் விடுகிறவர்கள் எங்கள் மத்தியான அறிக்கைக்குக் காத்திருந்தார்கள். நான் பத்து மணியளவில் கந்தோரிலிருந்து நேரே நானாவின் கடைக்கு வந்தேன். அம்மாவை யாழ்ப்பாணத்தில் ஒரு தொலைபேசிக் கடைக்கு வரச்சொல்லி, அக்கா அந்த நேரத்துக்கு அழைப்பு எடுப்பதாக ஏற்பாடு.

அக்கா அந்தச் சின்னத் தொலைபேசிக் கூண்டுக்குள் வயிற்றோடு நுழைந்ததில் கதவைச் சாத்த முடியவில்லை. நான் வெளியே நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை. முதலில் ரிசீவரை என்னிடம் தந்தார்.

"அம்மா, அங்கை மழை எப்படி?"

"மழையோ? ஒரு பொட்டும் இல்லைத் தம்பி. வெயில் கொளுத்துது."

"காத்து?"

"காத்தோ! ஓலை அசையேல்லை."

"கொடியில உடுப்பு எடுக்க நேரம் இருந்ததோ?"

"எடுத்தாத்தானே நேரம்? அது பாட்டுக்குக் காயுது. கப்பலை விடச் சொல்லுங்கோ."

மார்கழி மாதத்தில் யாழ்ப்பாணத்தில் வாடைக் காற்று அடிக்காத நாள் கிடையாது. ஓலை அசையவில்லை என்றால் ஒன்றில் ஓலை இல்லை, அல்லது அம்மா வரவேண்டும் என்ற ஆசையில் கதைக்கிறார். என்ன கேட்பேன் என்று அக்கா முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருப்பார் என்பதும் விளங்கியது. பொய் என்று காட்டச் சாட்சி இல்லாமல் நான் என்ன செய்ய? ரிசீவரை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அக்காவின் அம்மா தூரத்துக்கு ஏற்ற மாதிரிச் சத்தம் வைப்பவர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு சத்தம் ரிசீவரிலிருந்து வந்தது. வரிசை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

"பிள்ளை, நான் வெளிக்கிட முந்தி உனக்கொண்டு சொல்லோணும். இந்தக் கிழக்கு வேலிக்காரி இருக்கிறாளெல்லே? என்ர நீலக் கைத்தறிச் சேலை, நீ தீபாவளிக்கு அனுப்பினது, விடியக் கொடியில போட்டனான். அரிசி புடைச்சுக்கொண்டு இருக்கிறன், எழும்ப முந்தி அள்ளிக்கொண்டு போட்டுது. போய் அவளின்ர முருங்கையில தொங்குது. கேக்கப் போனா, 'என்ர வளவுக்குள்ள விழுந்தது என்ர' எண்டு நிக்கிறாள்!"

"அவளுக்கு எவ்வளவு கொழுப்பு!" என்றார் அக்கா.

"வேலியை எங்கட பக்கம் அரக்கினது காணாதெண்டு இப்ப சேலையையும் எடுக்கப் பாக்கிறாள்."

வரிசையில் நின்ற ஒரு பெண், "முருங்கையில தொங்கினாலும் சேலை சேலைக்காரிக்குத்தானே" என்றார். பின்னால் நின்ற ஒருவர் சட்டம் அப்படியில்லை என்று தொடங்கினார். நானா கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"அக்கா," என்றேன், "அந்த முருங்கை உண்மையிலேயே கிழக்குப் பக்கமோ?"

அக்காவுக்கு நான் ஏன் கேட்கிறேன் என்று அந்த நேரத்தில் ஓடவில்லை. வளவைப் பற்றிய கேள்வி அல்லவா? நிமிர்ந்து நின்றார். "வேற எங்கை? கிழக்கெல்லை அந்த வேலிதான். அதுக்குத்தான் எங்கட அப்புவின்ர காலத்தில இருந்து வழக்கு நடக்குது. வடக்கில ஒழுங்கை, மேற்கில குசினி, தெற்கில பனங்காணி..." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். நிறுத்தினார்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, யாழ்ப்பாணத்தில் ஒருவர் மழையைப் பற்றிப் பொய் சொல்லலாம், வயதைப் பற்றிச் சொல்லலாம், மாப்பிள்ளையின் உத்தியோகத்தைப் பற்றிப் பொய் சொல்லாமலே இருக்க முடியாது. ஆனால் வழக்கில் இருக்கிற எல்லை எந்தத் திசை என்பதில் பிழைவிடமாட்டார். அதைவிட நம்பிக்கையான திசைகாட்டி எங்கள் கந்தோரில் இருக்கவில்லை. மார்கழியில் வாடை அடித்தால் வடகிழக்கிலிருந்து அடிக்கும். சேலை பறந்தால் தென்மேற்கே, குசினிப் பக்கம் போய் விழவேண்டும். கிழக்கு வேலியைத் தாண்டியது என்றால் காற்று மேற்கிலிருந்து. மார்கழியில் யாழ்ப்பாணத்தில் கச்சான் காற்றா? காற்று தாழமுக்கத்தைச் சுற்றி இடப்புறமாகச் சுழல்வது உங்களுக்குத் தெரியும். அதற்குத் தெற்கே நிற்பவருக்குத்தான் மேற்கிலிருந்து அடிக்கும். அப்படியென்றால் அதன் நடு எங்கள் வரைபடத்தில் நாங்கள் வைத்த இடத்தில் இல்லை. வெறுமைக்குள், வடக்கே, பருத்தித்துறைக்கு வெளியே, அந்தக் கப்பல் போகவேண்டிய கடலில் அது குந்தியிருக்கிறது. எழும்ப முந்தி அள்ளிக்கொண்டு போனது என்றால் சோர்கிற தாழமுக்கமும் அல்ல.

அக்கா அழைப்பை முடித்துக்கொண்டு வெளியே வந்தார். நடைபாதையில் என்னை மறித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஒரு சேலைக்காகக் கப்பலை நிப்பாட்டப் போறீங்களோ?"

"நான் நிப்பாட்டுறேல்லை அக்கா. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். விடுறதும் நிப்பாட்டுறதும் அவையின்ர வேலை."

இது கந்தோர்க்காரர் சொல்லும் வசனம். சொல்லும்போதே எனக்கு என்மேல் எரிச்சல் வந்தது.

"எனக்குப் பயமா இருக்குத் தம்பி," என்றார் அக்கா. அவ்வளவு சத்தமாகக் கதைக்கிற மனுசி அதை மிகவும் மெதுவாகச் சொன்னார். "போன முறையும் அம்மா வரேல்லை."

எனக்கு அந்த அம்மாவின் சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. அவரைக் கொண்டுவரும் கப்பலும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறினேன். சேவைக்காலத்தில் அதைவிட நீளமான பயணம் நான் போனதில்லை.

சந்தியில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் என்னை முன்பே அறிந்தவன். "மாத்தையா, ஹெட்ட வஹினவாத?" என்று கேட்டான். நாளைக்கு மழை வருமா என்று. மழைக்கோட்டு எடுத்து வருவதா என்பதுதான் அவனுடைய கவலை. வழக்கமாக 'சில இடங்களில்' என்று சொல்லி நழுவிவிடுவேன். அன்று, "எடுத்துக்கொண்டு வா" என்றேன். முதல்தடவையாக உறுதியாக ஒரு பதில் கிடைத்ததில் அவன் திகைத்துப்போய் என்னை உடனே விட்டுவிட்டான்.

மேலதிகாரி வரைபடத்துக்கு முன்னால் அழிறப்பரோடு நின்றார். நான் வடக்கில் மேற்குக் காற்று ஒன்றைக் குறித்தேன்.

"யார் கவனித்தது, மல்லி?"

"என் வீட்டுக்கார அக்காவின் அம்மா, சேர்."

"எந்தக் கருவி?"

"சேலை, சேர்."

அவர் சிரிக்கவில்லை. "திசையில் எப்படி இவ்வளவு நிச்சயம்?"

"அந்தக் கிழக்கு வேலிக்கு நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது, சேர்."

அவருடைய ஊரிலும் ஒரு பலாமரம் யாருடைய எல்லைக்குள் நிற்கிறது என்று தலைமுறையாக வழக்கு. சற்று யோசித்தார். "அப்படியென்றால் திசை சரிதான்" என்றார். பிறகு கேட்டார்: "அந்த அம்மா உண்மை பேசுகிறவரா?"

"இல்லை, சேர். மழையைப் பற்றிக் கேட்டதற்கு முழுப்பொய். வேலியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்."

"எச்சரிக்கை போனால் அவர் வரமாட்டார். போகாவிட்டால் வருவார். உனக்கு எது வேண்டும்?"

"வரவேண்டும், சேர்."

"உன் ஆசைக்கு எதிராகச் சொல்கிறாய். அதையும் ஒரு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறேன்." அழிறப்பரை மேசையில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். எச்சரிக்கை மத்தியான அறிக்கையோடு போனது. கப்பல் விடப்படவில்லை.

மறுநாள் பருத்தித்துறைக்கு வெளியே போன ஒரு சரக்குக் கப்பல் கடல் எப்படியிருந்தது என்று அறிவித்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. மேலதிகாரி அதை வாசித்துவிட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பயணிகள் கப்பல் அதற்குள் போயிருந்தால் என்று நினைத்தபடி அதை மறுபடியும் வாசித்தேன். நீங்கள் சொன்னது சரியாக வரும் நாளில் உங்களுக்கு யாரும் நன்றி சொல்ல வரமாட்டார்கள். வராத கப்பலை வரவேற்க எவர் பூமாலையோடு நிற்பார்?

அக்கா என்னோடு கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தவில்லை. சோற்றையும் நிறுத்தவில்லை. மழை வருமோ என்று கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்காமலே காயப்போட்டார். பார்த்துப் பார்த்து, கொலன்னாவைப் பக்கம் முகில் திரளும் நேரமாக, என் கந்தோர்ச் சேட்டுகளையும் கொடியில் போட்டார். ஈரச் சேட்டோடு வேலைக்குப் போகும் வானிலை உத்தியோகத்தர் என்று என்னைப் பார்த்து ஒழுங்கை சிரித்தது. நான் அந்தத் தண்டனையை ஏற்றுக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அழுகிற சத்தம் கேட்ட நாட்களில் எனக்கும் அழுகை வந்தது.

நோவு வந்த பகலில் நானாதான் கடையை மூடிவிட்டு ஓட்டோ பிடித்து வந்தார். கொம்பனித்தெருவிலிருந்து அவருடைய மனைவியும் வந்து ஆஸ்பத்திரியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெண் பிள்ளை. நல்ல சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கணக்காளர் வராந்தாவில் நின்று எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார். நானா என்னைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டது ஒன்றுதான். "தம்பி, அந்த பொம்புள சேலைய குடுத்தாளா இல்லையா?"

அதற்குப் பதில் அம்மாவோடு வந்தது. புதுப் பாஸ் எடுத்து, அடுத்த கப்பலில், பேத்தி சிரிக்கத் தொடங்கிய காலத்தில் வந்து சேர்ந்தார். வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர்தானே அந்தக் கால நிலை?" என்றார். ஓம் என்றேன். பையைத் திறந்து ஒரு நீலச் சேலையை எடுத்தார். நடுவிலே நீளமாகக் கிழிந்து, நெருக்கமாகத் தைத்திருந்தது. அதைச் சுவாமியறைக் கூரை வளையில் தொட்டிலாகக் கட்டி ஏணை ஆக்கினார். பிள்ளையைப் போட்டு ஆட்டத் தொடங்கினார்.

"அவள் தந்திட்டாளோ அம்மா?" என்று அக்கா கேட்டார்.

"தராமல்? எங்கட குசினிக் கூரை முழுக்கப் பிரிஞ்சு போட்டுதெல்லே. ரெண்டு மூண்டு நாள் அவளின்ர வீட்டிலதான் கிடந்தனான். சோறும் தந்து, சேலையையும் தைச்சுத் தந்தவள். வேலி வழக்கு வேற, அது கிடக்கு."

நான் வாசலில் நின்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப அண்டைக்கு அங்கை நல்ல மழை காத்துத்தான், என்ன அம்மா?"

அம்மா ஏணையை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். பிள்ளையின் தலைக்கு மேலே அந்தக் கிழிசல் போவதும் வருவதுமாக இருந்தது.

"மழையோ? ஒரு பொட்டும் இல்லை."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கப்பல் நின்ற நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

நான் அறைக்குத் திரும்பப் போனபோது அம்மா மறுபடியும் கூப்பிட்டார். கொல்லைக் கொடி நிறையப் பிள்ளையின் ஈரத் துணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. கிழக்கே ஒரு முகில் வெள்ளையாகத் தலை தூக்கியிருந்தது.

"தம்பி, இதுகள் காயுமோ, மழை வருமோ? பொய் சொல்லாமல் சொல்லும்."